படிக்க முடியாத மலையாளம்: பணிக்கரும் அமெரிக்க நவீன ஓவியமும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைப்புற ஊர் கொல்லயில். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நாங்கள் கேரளத்தில் நின்றோம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என வளர்ந்தவன் நான். ஐந்தாம் வகுப்பில் எங்களைத் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றார்கள். அதே வளாகத்திலுள்ள கே.சி.எஸ். பணிக்கர் ஓவியக்கூடத்துக்குள்ளும் போகிற போக்கில் நுழைந்தோம். கித்தான் முழுவதும் பொடி எழுத்தில் மலையாளம். ஒரு சொல்லையும் என்னால் படிக்க முடியவில்லை. வகுப்பில் திக்கித்திக்கி வாசிப்பவன் என்பதால் குறை என்னுடையதே என்று எண்ணி வாய் திறவாமல் நின்றேன். அது மலையாளமே அன்று, மலையாளம் போன்ற ஒன்று என்பது பட்ட வகுப்பில்தான் தெரிந்தது.

இதை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஏட்டில், சென்னை நவீன ஓவியம் அமெரிக்க அருவ ஓவியத்தின் தாமதமான எதிரொலி என்று எழுதியிருந்தேன். அண்மையில் ஒரு மாணவர் அதை மேற்கோள் காட்டி என்னிடமே அனுப்பியிருந்தார். அக்கூற்று தவறு என்று இன்று கருதுகிறேன்.

முதலில் காலவரிசை. பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியது 1963இல். சோழமண்டலம் கலைக்கிராமம் 1966 ஏப்ரலில் உருவாயிற்று. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ‘அமெரிக்க ஓவியத்தின் இரு பத்தாண்டுகள்’ காட்சி, விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க்கின் வருகையோடு, தில்லியை அடைந்தது 1967இல். பொல்லாக்கையும் ராத்கோவையும் மூலப்படங்களாகப் பெரிய அளவில் இந்தியா கண்டது அப்போதுதான். அதற்கு முன்னரே அச்சுப்படிகள் வழியாக அறிமுகம் இருந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகையில் உள்ளங்கை அகலத்தில் பார்த்த பொல்லாக்கை வைத்துக்கொண்டு ஓர் இயக்கத்தின் பிறப்பை விளக்கிவிட முடியாது.

அமெரிக்கர்களும் ஒரு காலத்தில் எதிரொலி என்றே இகழப்பட்டவர்கள். 1913இல் நியூயார்க்கில் நடந்த ஆர்மரி காட்சியில் ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கண்டு திகைத்த அந்நாடு, ஏறத்தாழ முப்பதாண்டுகள் பாரிஸைப் பார்த்தபடியே வரைந்தது. 1947இல் பொல்லாக் கித்தானைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டவிட்டது அந்த நிழலிலிருந்து வெளியேறும் முயற்சியும்கூட. சென்னை அரசு ஓவியப் பள்ளியிலும் எழுந்தது அதே நெருக்கடிதான். தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் 1957இல் அதன் முதல்வரான பணிக்கர், அதற்கு முந்தைய ஆண்டுகளில் வான்கோவின் சாயலில் வரைந்துகொண்டிருந்தவர். இரு நாட்டாரும் கேட்டது ஒரே கேள்வி. இதை நான் செல்வாக்கு என்று பிழையாகப் படித்தேன்.

விடைகள் எவ்வளவு வேறுபட்டவை என்பதற்கு எழுத்தையே சான்றாகக் கொள்ளலாம். அமெரிக்கரான மார்க் டோபி 1934இல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று வந்தபின் ‘வெள்ளை எழுத்து’ முறையை உருவாக்கினார். அவருக்கு அவ்வெழுத்து அயலது. ஆகவே அது தொடக்கத்திலிருந்தே கோடாக, அசைவாக, தாளமாகத் தெரிந்தது. பணிக்கரின் நிலை வேறு. கோயம்புத்தூரில் பிறந்து, தமிழ் பேசும் நகரத்தில் வாழ்ந்த மலையாளி அவர். தாய்மொழி எழுத்தைப் பார்த்தவுடன் படித்துவிடும் கண்ணை அடக்கினால்தான் அதன் வடிவம் வெளிப்படும். படிக்கத் தெரிந்தவர் படிப்பைத் துறந்து வரைந்த எழுத்து அது. சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் அதனோடு வந்து அமர்கின்றன. எல்லையூர்ச் சிறுவனொருவன் அதன்முன் வெட்கி நின்றது பார்வையாளனின் பிழையன்று. அந்த ஓவியம் அவனிடம் வேலை செய்தது என்றே இன்று சொல்வேன். டோபியின் கித்தான்முன் எவரும் எழுத்தறியாமைக்காக வெட்கப்படுவதில்லை.

பொருளியல் பக்கம் இதைவிட முக்கியமானது; என் ஏட்டில் அதற்கு ஒரு பத்திகூட இல்லை. 1935 முதல் 1943 வரை நடந்த கூட்டாட்சிக் கலைத் திட்டம், பொருளாதார மந்தத்தில் வாடிய ஓவியர்களுக்கு அரசுச் சம்பளம் கொடுத்தது. பொல்லாக், ராத்கோ, டி கூனிங் மூவரும் அதில் ஊதியம் பெற்றவர்கள். பின்னர் 1958–59இல் ‘புதிய அமெரிக்க ஓவியம்’ என்ற காட்சி ஐரோப்பிய நகரங்களைச் சுற்றி வந்தது. அதை ஏற்றுமதி செய்ய அருங்காட்சியகமும் பனிப்போர்க்கால அரசியல் தேவையும் இருந்தன. சென்னையில் ஓவியம் வாங்குவார் மிகச் சிலர். ஆகவே அங்கிருந்த ஓவியர்கள் கைவினைஞர் சங்கம் அமைத்துப் பாத்திக் துணி முதலிய பொருள்களைச் செய்து விற்றனர். அந்த வருவாயையும் கைப்பணத்தையும் சேர்த்து ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினர். காலையில் துணிக்கு மெழுகு தடவிய கை மாலையில் கித்தானுக்கு வந்தால், கோடும் அலங்காரமும் ஓவியத்துக்குள் நுழையாமல் இருக்குமா? சென்னை ஓவியத்தின் ‘அலங்காரத் தன்மை’யை இழுக்காகப் பேசும் விமர்சகர்கள் இந்தக் கூலிக் கணக்கையும் பார்த்திருக்கலாம். பணிக்கரோடு இயங்கிய விமர்சகர் ஜோசப் ஜேம்ஸ் பொருளியல் பேராசிரியர் என்பது தற்செயலாகவே இருக்கலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த ஏட்டின் மூன்றாம் இயலை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது முடியும்வரை பழைய இயலை மேற்கோள் காட்ட வேண்டாம் என்று மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். திருவனந்தபுரம் போகிறவர்கள் ரவிவர்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், அதே வளாகத்திலுள்ள பணிக்கர் கூடத்துக்கும் போங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.