கலங்கலும் ஒளியும்: இராமன் மரபின் பேசப்படாத ஏடு

இராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28-இன் பெருமையை இங்குள்ளோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1923-இல், சர் சி.வி. இராமனும் பாலக்காடு கல்பாத்தி தந்த கே.ஆர். இராமநாதனும் திரவக் கலவைகளின் ஒளிச்சிதறல் பற்றி 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழில் எழுதினார்கள். அந்த ஏட்டையே இங்கு புரட்ட விரும்புகிறேன்.

பீனாலையும் நீரையும் உரிய விகிதத்தில் கலந்து, சுமார் 66 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் இரண்டும் ஒன்றித் தெளிந்துவிடும். ஆறவிட்டால், பிரிவதற்குச் சற்று முன்பே குழாயில் பால்வெண்மை படரும். திரவம் இன்னும் ஒன்றுதான், ஆயினும் கலங்கல்! காரணத்தை 1908-இல் கண்டவர் போலந்து அறிஞர் ஸ்மொலுகோவ்ஸ்கி. எந்தக் கலவையிலும் ஓரிடத்தில் பீனால் மிகும், மற்றோரிடத்தில் குறையும், உடனே சமனாகும். திரவங்கள் பிரியத் தொடங்கும் அந்த மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க, சமன்செய்யும் விசை தளர்ந்து போகிறது. ஏற்றத்தாழ்வுகள் பெருகுகின்றன, இடத்துக்கிடம் ஒளிவிலகல் எண் மாறி ஒளி சிதறுகிறது. 1910-இல் ஐன்ஸ்டைன் இதற்குச் சமன்பாடு தந்தார். ஆனால் அதன்படி மாறுநிலைப் புள்ளியிலேயே சிதறல் எல்லையற்றதாகிவிடும். அருகருகே உள்ள ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்று காட்டி, 1914-இல் ஆர்ன்ஸ்டைனும் செர்னிகேயும் அதைத் திருத்தினார்கள். அந்தச் சார்பு எட்டும் தூரத்தைத் தொடர்பு நீளம் என்போம். மாறுநிலையிலிருந்து ஆயிரத்தில் ஒரு டிகிரி தள்ளி நின்றால், அது பல நூறு நானோமீட்டர். கிட்டத்தட்ட ஒளியின் அலைநீளம். ஒரு நானோமீட்டருக்கும் சிறிய மூலக்கூறுகள் இத்தனை தூரம் ஒத்திசைவதை எண்ணினால் கைகூப்பத் தோன்றுகிறது.

அப்பு லிங்கமாக, நீராகவே ஈசன் எழுந்தருளியிருக்கும் திருவானைக்காவில் பிறந்த இராமன் நீரின் ஒளியை ஆராய்ந்தது தற்செயல் என்பாருண்டு. நான் திருவருள் என்பேன்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற ஆர்.எஸ். கிருஷ்ணன், 1930-களில் பெங்களூரில் இராமனிடம் கலவைகளின் ஒளிச்சிதறல் ஆய்வைத் தொடர்ந்தார். கிடைத்தளத்தில் அதிரும் ஒளியைக் கலவைக்குள் செலுத்தி, செங்கோணத்திலிருந்து நோக்கினார். சிதறுவது சிறு மூலக்கூறுகளானால், கிடை அதிர்வும் குத்து அதிர்வும் சமமாக வரவேண்டும். மாறுநிலை அருகே அவை சமமாக இல்லை. அலைநீளத்துக்கு ஒப்பான திரள்கள் உண்டென்பதற்கு அதையே சான்றாகக் கொண்டார். அதுவே 'கிருஷ்ணன் விளைவு'. மிக நெருங்கினால் ஒளி மீண்டும் மீண்டும் சிதறி இவ்வளவீட்டைக் குழப்பும் என்பதும் உண்மையே. லேசர் இல்லாத காலத்தில் இவ்விளைவைக் கண்ட கண்ணுக்கு என் வணக்கம்.

லேசர் வந்தபின், 1965-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட், யே, லிப்வொர்த் மூவரும் அனிலின்–சைக்ளோஹெக்சேன் கலவையில் ஏற்றத்தாழ்வுகள் கரையும் வேகத்தையே அளந்தார்கள். மாறுநிலையை நெருங்கும்போது அது மந்தமாகிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஈ.எஸ். இராஜகோபாலும் மாறுநிலைத் திரவக் கலவைகளைப் பல்லாண்டு ஆராய்ந்தார்.

நம் கல்லூரி வேதியியல் மாணவர்கள் பீனால்–நீர்ச் சோதனையைச் செய்யத்தான் செய்கிறார்கள். கலங்கல் மறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு குழாயைக் கழுவிவிடுகிறார்கள். இனியேனும் கையுறை அணிந்து (பீனால் தோலைப் பொசுக்கும்), குழாயை மிக மெதுவாக ஆறவிட்டு, ஒரு சிறு லேசர்க் கதிரைச் செலுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். கிடை அதிர்வையும் குத்து அதிர்வையும் பிரித்துக் காணத் தளவிளைவுத் தகடுகள் இரண்டு வாங்கித்தர நிர்வாகத்தார் மனம் வைக்க வேண்டும்.