பாடசாலை உதைபந்தாட்டமும் நிலைபெறும் வெற்றியும்



மருதமுனை முதல் வினாயகபுரம் வரை நீண்டு கிடக்கும் நமது கீழைக் கரையிலே, மாலை வேளையிற் பந்துதைத்து விளையாடும் சிறுவரைக் காணாத ஊர் அரிது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், மணலில் ஓடிப் பழகிய கால்களுக்கு அங்கே குறைவில்லை. அவ்வாறிருக்க, ஒரு பாடசாலை ஓராண்டு வெற்றிக் கிண்ணம் பெற்று மறு ஆண்டே மறைந்துபோவதும், வேறொரு பாடசாலை பல்லாண்டு காலம் முன்னணியில் நிற்பதும் யாது காரணத்தால்? இவ்வினாவுக்கு விளையாட்டின் வரலாற்றிலிருந்து விடை தேட முயல்வோம்.

உதைபந்தாட்டம் ஒழுங்கு பெற்றதே பாடசாலைகளில்தான். இங்கிலாந்தில் ஈட்டன், ஹரோ, சார்ட்டர்ஹவுஸ் முதலிய கல்லூரிகள் தத்தமக்கென வெவ்வேறு விதிகளை வைத்து ஆடிவந்தன. 1863 ஆம் ஆண்டு இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியபோது பொதுவிதிகள் எழுந்தன. சங்கக் கிண்ணப் போட்டியின் முதற் பத்தாண்டுகளில் இக்கல்லூரிகளின் பழைய மாணவர்களே ஓங்கி நின்றனர். ஈட்டன் பழைய மாணவர் அணி 1879 இலும் 1882 இலும் அக்கிண்ணத்தை வென்றது. பரந்த மைதானமும், ஆடுதற்கு ஓய்வும், நல்லுணவும் அவர்களுக்கு இருந்தன. ஆயினும் 1883 ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் பிளாக்பேர்ண் ஒலிம்பிக் என்னும் வடபுல அணி அவர்களை 2–1 என்ற கணக்கில் வென்றது. நெசவாலையிலும் பிற தொழிலகங்களிலும் உழைத்த மக்கள் அவ்வணியினர். ஆட்டத்துக்கு முன்னர் அவர்கள் பிளாக்பூல் கடற்கரை நகருக்குச் சென்று, முறையாகப் பயிற்சி பெற்று வந்திருந்தனர். அதன் பின்னர் எந்தப் பழைய மாணவர் அணியும் அக்கிண்ணத்தைத் தொடவில்லை. வசதியால் மட்டும் வந்த மேன்மை, மற்றவர் முயன்று பழகத் தொடங்கிய அன்றே அகன்றுவிட்டது.

இனி, நமது கரையை ஒத்த ஓர் ஊருக்குச் செல்வோம். யப்பான் நாட்டின் நாகசாக்கி மாகாணத்தில், சிமபாரா தீபகற்பத்தின் கடலோரத்தே அமைந்தது குனிமி. அங்குள்ள அரசாங்க உயர்நிலைப் பாடசாலை 1967 இல் தொடங்கப்பெற்றது. செல்வரின் கொடையோ பழம் புகழோ அதற்கு இல்லை. 1984 ஆம் ஆண்டு தடதோசி கொமினே என்னும் ஆசிரியர் அங்கு மாற்றலாகி வந்தார். அயலிலுள்ள சிமபாரா வணிக உயர்நிலைப் பாடசாலையின் அணியை முன்னரே நாடறியச் செய்தவர் அவர்.

அவர் வந்த பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. யப்பானிய உயர்நிலைப் பாடசாலைகளின் தேசியச் சுற்றுப் போட்டிக்கு, 1986 ஆம் ஆண்டுப் பருவம் முதலாக 21 பருவங்கள் இடையறாது குனிமி தகுதி பெற்றது. 1987, 1990, 1992, 2000, 2001, 2003 ஆகிய ஆறு பருவங்களிற் கிண்ணத்தையும் வென்றது. இக்காலத்தில்தான் அத்தீபகற்பத்தின் உன்சென் எரிமலை சீறி எழுந்தது. 1991 ஆம் ஆண்டு யூன் 3 ஆம் நாள் மட்டும் 43 உயிர்கள் மாண்டன. அத்துயரின் நடுவிலும் பாடசாலை தன் பயிற்சியைக் கைவிடவில்லை. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்து செய்த அழிவைக் கண்ட நமக்கு, இதன் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கொமினே செய்தவை யாவை? மலைப்பாதையில் நெடுந்தூர ஓட்டத்தை மாணவருக்கு விதித்தார். எதிரணி களைத்துத் தளரும் இறுதி வேளையில் தம்மவர் ஓட வேண்டும் என்பதே அவர் கருத்து. வலிய அணிகளைத் தேடித் தொலைவூர்களுக்குச் செல்லும்போது, சிற்றூர்தியைத் தாமே ஓட்டிச் சென்றார். வெளியூர்களிலிருந்து வந்த மாணவர் சிலருக்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். பிற்காலத்தில் அப்பாடசாலையின் அதிபராகவும் உயர்ந்தார். யப்பானின் தேசிய அணிக்கு ஆடிய யொசித்தோ ஒகுபோ அங்கு பயின்றவரே. எனினும், கொமினேயின் காலம் முடிந்த பின்னர் குனிமியின் மேன்மை விரைவிற் குன்றியது. ஒருவரை மாத்திரம் தூணாகக் கொண்ட மண்டபம், அத்தூண் விலகினால் தாழ்ந்தே தீரும்.

அமெரிக்க நாட்டிலே இதே பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அது பந்தைக் கையிலேந்தி ஓடுவது. ஆயினும் அங்குள்ள பாடசாலைகளின் அனுபவமும் நமக்குப் பயன்படும். கலிபோர்ணியாவிலுள்ள டி லா சால் உயர்நிலைப் பாடசாலை, 1979 இல் பொப் லடூசர் பயிற்றுநராக வருமுன்னர் ஒரு பருவத்திலேனும் தோல்வியினும் மிகுந்த வெற்றியைக் கண்டதில்லை. அதே பாடசாலை 1992 முதல் 2004 வரையில் 151 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அங்கு ஒவ்வொரு மாணவனும் தான் எய்த விரும்பும் இலக்கை ஓர் அட்டையில் எழுதித் தன் தோழன் கையிற் கொடுப்பான். சொன்னதைச் செய்தானா என்று கேட்கும் உரிமை அத்தோழனுக்கு உண்டு. ஒகையோ மாநிலத்தின் மசிலன் நகரிலோ, 1932 முதல் 1940 வரை பயிற்றுநராயிருந்த போல் பிரவுண், கீழ்நிலைப் பாடசாலைகளிலும் தம் ஆட்ட முறையையே கற்பிக்கச் செய்தார். ஆதலின் உயர்நிலைப் பாடசாலைக்கு வந்த சிறுவன், அங்குள்ள முறையை ஏற்கெனவே அறிந்தவனாய் இருந்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். பாடசாலை உதைபந்தாட்டத்தைப் பேசும்போது கொழும்பு சாஹிராவையும், யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியையும், இளவாலைப் புனித ஹென்றியரசர் கல்லூரியையும் எவரும் நினைவுகூர்வர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் அவ்வரிசையில் நிற்பது. 1910 ஆம் ஆண்டு பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய அக்கல்லூரியை, அவர் மைந்தர் ஜெயரத்தினம் 1945 முதல் 1970 வரை அதிபராயிருந்து வளர்த்தார். 1990 இற் போர் அக்கல்லூரியைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்தது. மைதானத்தை இழந்து பிற இடங்களில் ஒதுங்கி நின்ற கல்லூரி, மரபை இழக்கவில்லை. மீண்டு வந்த பின்னர், 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் அதன் மாணவியர் அகில இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்டத்திற் பலமுறை வாகை சூடினர். பாட்டனார் ஆடிய ஆட்டத்தைப் பேர்த்தியர் கைக்கொண்டு வென்ற செய்தி இது.

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்கினால், நிலைபெறும் வெற்றிக்கு வேண்டுவன விளங்கும். முதலாவது, நெடுங்காலம் ஓரிடத்தே நின்று உழைக்கும் ஆசிரியர். இரண்டாவது, அவருக்குப் பின் அப்பணியை ஏற்கப் பழகிய மற்றோர் ஆசிரியர். மூன்றாவது, கீழ்வகுப்பிலேயே ஊன்றப்பெறும் பயிற்சி. நான்காவது, தோழனுக்குக் கடமைப்பட்டவன் யான் என்னும் உணர்வு. ஐந்தாவது, தோற்ற ஆண்டிலும் அணியைக் கைவிடாத பெற்றோரும் பழைய மாணவரும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லற்பாலது. அயலூரின் சிறந்த மாணவரை எல்லாம் ஒரே பாடசாலை ஈர்த்துக்கொண்டால், அதற்குக் கிண்ணம் கிடைக்கும். அயலூர் மைதானங்களோ வெறுமையாகும். பயிற்சியின் பெயராற் பாடம் கெட்டால், பதினெட்டு வயதில் ஆட்டம் முடிந்த இளைஞன் வெறுங்கையனாய் நிற்பான். அணியில் இடம் பெறுவோர் பதினொருவர். பாடசாலையிற் பயில்வோரோ பல நூற்றுவர். அவர்களுக்கும் ஓடியாட ஒரு மாலைப் பொழுது வேண்டும்.

நமது கரையில் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. பயிற்றும் ஆசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது அவருடன் அணியும் சென்றுவிடுகிறதே, அதுவே குறை. பயிற்சி முறையை எழுதி வைத்தலும், பழைய மாணவர் ஒருவரை உதவிப் பயிற்றுநராக அமர்த்தலும், ஆறாம் வகுப்புச் சிறுவருக்கென ஓர் அணி வகுத்தலும் பெரும்பொருள் வேண்டும் காரியங்கள் அல்ல. இன்று தொடங்கினால், இன்று மணலில் வெறுங்காலுடன் ஓடும் சிறுவன் நாளை தன் தம்பிக்கு வழிகாட்டுவான். அதுவே கிண்ணத்தினும் நெடிது நிலைக்கும் வெற்றி.