தென்கடல் பங்கும் திருச்சபையும்

பங்குகளின் விலை ஏறுவதும் இறங்குவதும் பொருள் நூலார்க்குக் கணக்கு. சமயத்தார்க்கோ அஃது அறம் பற்றிய வினா. கிறிஸ்துவ உலகம் இவ்வினாவைக் கடுமையாக எதிர்கொண்ட ஆண்டுகளுள் 1720 தலையாயது.

இலண்டன் நகரத் தென்கடல் கும்பெனி 1711-இல் தோன்றியது. போரினால் பெருகிய அரசாங்கக் கடனைத் தன் பங்காக மாற்றிக் கொள்வதே அதன் முதல் வேலை. கடன் பத்திரம் வைத்திருந்தோர் கும்பெனிப் பங்குதாரர் ஆயினர். 1713-இல் யூட்ரெக்ட் உடன்படிக்கை நிறைவேறியபோது, ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 4,800 ஆப்பிரிக்க அடிமைகள் என்ற அளவில் முப்பது ஆண்டு விற்கும் உரிமையும் அதன் கைக்கு வந்தது. இதனைப் பின்னர்க் காண்போம்.

1720 தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுன் விற்ற பங்கு, கோடையில் 1,000 பவுனை எட்டிற்று. கும்பெனி தன் பங்கையே ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தது. வாங்கியோர் அப்பணத்தைக் கொண்டு மீண்டும் பங்கு வாங்கினர். விலை ஏறாமல் என்ன செய்யும்? ஆண்டு முடிவதற்குள் அது புறப்பட்ட இடத்திற்கே திரும்பிற்று. ஐசக் நியூட்டனே பெருந்தொகை இழந்தார். இத்திட்டத்தின் மூளையாக விளங்கிய ஜான் பிளண்ட், பாப்டிஸ்ட் சபைக் குடும்பத்தில் காலணி செய்வோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்.

தப்பியோருள் குறிப்பிடத்தக்கவர் தாமஸ் கை. பைபிள் விற்று முன்னேறிய புத்தக வியாபாரி. சிக்கனத்திற்குப் பேர் போனவர். விலை ஏறிக்கொண்டிருந்தபோதே, ஏப்ரல் முதல் ஜூன் வரை சிறிது சிறிதாக விற்று ஏறத்தாழ 2,34,000 பவுன் கண்டார். அச்செல்வம் ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனையாயிற்று. 1724-இல் அவர் மறைந்தார். 1725-இல் அது திறக்கப்பட்டது.

வேதாகமத்தில் இரு பக்கத்துக்கும் இடமுண்டு. தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியன் கண்டிக்கப்படுகிறான். களஞ்சியத்தைப் பெரிதாக்க எண்ணிய செல்வன் அன்றிரவே உயிரிழக்கிறான். ஆயினும் வீழ்ச்சிக்குப் பின் குருமார் பலரும் இரண்டாம் உவமையின் நெறியிலேயே பேசினர். மார்செய் நகரில் கொள்ளைநோய் பரவிய காலம் அது. டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தெங்கும் உபவாசம் நடைபெற்றது. நோயின் அச்சத்தோடு பங்கு வெறியையும் சேர்த்துப் பிரசங்கங்கள் எழுந்தன. உழைப்பின்றிச் செல்வம் தேடியதே பாவம், வீழ்ச்சி அதன் தண்டனை என்பதே பேச்சு. தத்துவ அறிஞர் ஜார்ஜ் பெர்க்கிலி 1721-இல் வெளியிட்ட கட்டுரையும் ஆடம்பரத்தைச் சாடி, உழைப்பையும் சிக்கனத்தையும் சமயப் பற்றையும் வற்புறுத்தியது. அரிய அறிவுரைதான். ஆனால் அதே பெர்க்கிலி, ரோட் ஐலண்டில் தங்கியிருந்தபோது, அடிமைகளை விலைக்கு வாங்கினார். பின்னர் அவர் பேராயரும் ஆனார்.

பங்கின் விலையை நோக்கிய கண்கள், அப்பங்கின் பின்னிருந்த சரக்கை எத்துணை நோக்கின? கால் நூற்றாண்டில் கும்பெனி ஏற்றிச் சென்ற அடிமைகள் ஏறத்தாழ 34,000 பேர். அவர்களுள் சுமார் 4,000 பேர் கரை சேரவில்லை. 1721-இல் பாராளுமன்றம் இயக்குநர்களின் சொத்தைப் பறித்தது, நிதியமைச்சர் எயிஸ்லபியைச் சிறையிட்டது. அவை பணம் இழந்தோர்க்குச் செய்த நீதி. அடிமை வாணிகமோ தொடர்ந்து நடந்தது.

திருச்சபையின் பணமும் அங்கே சென்றது. ஏழைக் குருமார்க்கென 1704-இல் ஆன் அரசியார் ஏற்படுத்திய நிதி, வீழ்ச்சிக்குப் பின் தென்கடல் ஆண்டுத்தொகைப் பத்திரங்களில் இடப்பட்டது. 1777-இல் அது 4,06,942 பவுனாக இருந்தது. அந்நிதியின் வாரிசான இங்கிலாந்துத் திருச்சபை ஆணையம் இதனை ஆராய்ந்து, 2023 ஜனவரியில் 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தது. அப்பத்திரங்களின் வட்டி அரசாங்கக் கருவூலத்திலிருந்து வந்ததேயன்றி அடிமை வாணிகத்திலிருந்து வந்ததன்று என மறுக்கும் வரலாற்றாசிரியரும் உளர்.