அலைவாய்க் கரையில் ஒரு துறைமுகம்

ஒரு துறைமுகம் புதிய கருவியையோ புதிய முறையையோ எப்போது ஏற்கிறது? தேவை வந்தால் ஏற்கும் என்று சொல்லிவிடுவது எளிது. சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றைப் படித்தபின் அவ்விடை எனக்குப் போதவில்லை.

சென்னையில் தேவை முதல் நாளிலேயே இருந்தது. 1639-இல் ஆங்கிலக் கம்பெனியார் இம்மணற்கரையைப் பெற்றபோது, இங்கே கப்பல் ஒதுங்க வளைகுடா இல்லை; பெருங்கப்பல் நுழையத்தக்க கழிமுகமும் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரைசேர வேண்டும். அப்படகின் பலகைகளை ஆணி அறையாமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை ஓங்கி மோதுகையில் ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். கவிழ்ந்தால் நீரில் விழுந்தவரை மீட்கக் கட்டுமரங்கள் உடன் செல்வதுண்டு. மேனாட்டுக் கப்பல்களின் சொந்தப் படகுகளால் ஆகாத வேலையை இக்கரை மக்களின் கைத்திறன் செய்தது.

இவ்வேற்பாடு இரண்டு நூற்றாண்டுக்குமேல் நிலைத்தது. படகு நல்ல படகு என்பது ஒரு காரணம். மற்றொன்றே என் கருத்தில் பெரிது. நனைந்த மூட்டையின் நட்டம் வணிகருக்கு. மூழ்கியவரின் இழப்பு அவர் குடும்பத்துக்கு. கடலில் கல் கொட்டிச் சுவர் எழுப்பும் செலவோ அரசாங்கத்துக்கு. துன்பப்படுபவர் ஒருவர், பணம் கொடுக்க வேண்டியவர் வேறொருவர் என்றால் புதுமை ஆமைநடைதான் போடும்.

நிலை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. காற்றுக்குக் காத்திருந்து பழகிய பாய்மரக் கப்பலின் பொறுமை நீராவிக் கப்பலுக்கு இல்லை. நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் முதலாளிக்குச் செலவு. முதலில் ஓர் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. புயல்கள் அதைச் சிதைத்தன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்குக் கால்கோள் செய்தார். கடலைத் தழுவும் இரு கைகள்போல் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றில் பெரும்பகுதியைத் தகர்த்துவிட்டது. ஆயினும் பணியைக் கைவிடவில்லை. இருப்புப்பாதையும் பண்டகசாலைகளும் அதற்குள் கரையில் வேரூன்றிவிட்டன, பின்வாங்குவதே பெருஞ்செலவாகியிருக்கும்.

அலையை அடக்கியதும் மணல் வந்தது. இக்கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. தென்சுவர் அதைத் தடுக்கவே, மெரினா அகன்றது. கிழக்கு வாயில் தூரத் தொடங்கியது. 1904-இல் தலைமை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவ்வாயிலை மூடி, வடகிழக்கில் வேறு வாயில் அமைத்தார். (கணித மேதை இராமானுஜன் 1912-இல் எழுத்தராக அமர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான்.) தனி வருவாயும் தொடர்ந்த பொறுப்பும் உடைய நிருவாகம் அமைந்ததால்தான் இத்தகைய நீண்டகாலப் பணி கைகூடியது என்று கருதுகிறேன்.

அடுத்த பெரும் மாற்றம் துறைமுகத்தில் பிறந்ததன்று. லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், 1956-இல் 58 பெரும் பெட்டிகளை நியுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலில் அனுப்பினார். பெட்டிகளுக்கென்றே கப்பல் கட்டப்பட்டபின், அதற்கேற்ற பளுதூக்கியும் திறந்த நிலப்பரப்பும் இல்லாத துறையை அது நாடவில்லை. புகழ்பெற்ற சான்பிரான்சிஸ்கோவின் சரக்கை எதிர்க்கரையிலிருந்த ஓக்லாந்து கவர்ந்துகொண்டது இவ்வாறுதான். சென்னையில் சரக்குப் பெட்டக முனையம் 1983-இல் வந்தது.

இம்மாற்றங்களின் கணக்கில் வரவு மட்டும் இல்லை. கப்பல் துறைமேடையை அணைந்தபோது மசூலாப் படகோட்டிகள் பிழைப்பை இழந்தனர். பெட்டகம் வந்தபோது மூட்டை சுமந்த தோள்களுக்கு வேலை குறைந்தது. தெற்கே மெரினாவுக்குக் கிடைத்த மணல், வடக்கே இராயபுரம், காசிமேட்டுக் கரைகளுக்கு வராமற்போன மணல். அப்பகுதியின் மீனவர் குப்பங்களைக் கடல் அரித்தது. எஞ்சியதைக் காக்க அங்கே கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று.