ஓர் அக்டோபர், இரண்டு கம்பெனிகள்

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் வ.உ.சி. பெயரைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. கல்லூரி அவர் பெயரில், துறைமுகம் அவர் பெயரில். சின்ன வயதில் வருஷத்துக்கு ஒருமுறையாவது டிவியில் ‘கப்பலோட்டிய தமிழன்’ போடுவார்கள். செக்கிழுக்கும் காட்சி வரும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஒருமுறை மட்டும், "நல்ல மனுசன்தான். ஆனா கப்பல் கம்பெனி நடத்தத் தெரியலையே" என்றார். அப்பாவின் சட்டைப்பையில் அப்போது இந்தியன் வங்கி பாஸ்புக் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் நம்பிக்கை என்றால் அதுதான்.

அப்பா சொன்னதை நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை.

1906 அக்டோபர். தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. அதே மாதம் 22-ம் தேதி, திங்கட்கிழமை, மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்துகிறது. ஒரே மாதம், ஒரே மாகாணம். இன்று நமக்குத் தெரிந்த இரண்டு கதைகள் அங்கிருந்து கிளம்பின. ஒன்று கப்பலாகி அழிந்தது, இன்னொன்று வங்கியாகி நிலைத்தது.

முதலில் அர்பத்நாட். பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று வெள்ளைக்கார வணிக நிறுவனங்கள் மெட்ராஸை ஆண்ட காலம் அது. அர்பத்நாட்டில் பணம் போட்டால் மலையில் போட்ட மாதிரி என்று ஊரே நம்பியது. ஓய்வுபெற்ற குமாஸ்தா, விதவைகள், ஜமீன்தார் என எல்லோருடைய சேமிப்பும் அங்கே இருந்தது. அந்தப் பணம் லண்டன் கூட்டாளியின் ஊக வணிகத்தில் கரைந்துகொண்டிருந்தது இங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டாளி, பாட்ரிக் மக்ஃபேடியன், லண்டனில் ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். அடுத்த சில நாட்களிலேயே இங்கே கம்பெனி திவால். மெட்ராஸ் நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. ஒரு ‘சர்’ ஜெயிலுக்குப் போனதைப் பார்த்தது பணம் போனவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். பணம் என்னவோ போனது போனதுதான்.

இந்த இடிபாட்டில் நின்று கணக்குப் போட்டவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். மயிலாப்பூர் வக்கீல், காங்கிரஸில் மிதவாதி. பணம் இழந்தவர்களுக்காக வாதாடியவரும் அவரே. வெள்ளைக்காரர்களை நம்பிப் பணம் போட்டதால் வந்த வினை இது, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முடிவெடுத்தார்கள். வக்கீல்களின் செல்வாக்கும் நகரத்தார் பணமும் சேர்ந்தன. 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவானது, ஆகஸ்ட் 15-ல் வேலையைத் தொடங்கியது. நாற்பது வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம் வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

இனி தூத்துக்குடி. வங்கப் பிரிவினைக்குப் பிறகு சுதேசி என்ற சொல் நாடெங்கும் பரவியிருந்தது. பெரும்பாலோருக்கு சுதேசி என்றால் துணி, தீப்பெட்டி, சோப்பு. வ.உ.சி.க்கு அது கப்பல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வழியைப் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், சுருக்கமாக பி.ஐ., தன் கைக்குள் வைத்திருந்தது. வ.உ.சி. 10 லட்சம் ரூபாய் மூலதனத்துக்குத் திட்டமிட்டார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். கம்பெனித் தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி. வகித்த பதவி உதவிச் செயலாளர்தான். ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றது அவர்.

முதலில் பம்பாயிலிருந்து வாடகைக் கப்பல். வெள்ளைக்காரர் தரப்பு அழுத்தம் கொடுத்ததும் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். 1907-ல் ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன. பி.ஐ. கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் பி.ஐ. சும்மாவே ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

குடைக்கதையைப் படிக்கும்போது எனக்கு என் பழைய கம்பெனி ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். சிறு கடைக்காரர்களுக்கு உதவப்போகிறோம் என்ற லட்சியம். பாதிச் சம்பளம், மீதிக்குப் பங்குகள். எங்களைவிட ஆயிரம் மடங்கு பணம் வைத்திருந்த ஒரு நிறுவனம் அதே சேவையை இலவசமாகத் தர ஆரம்பித்தது. பதினாலு மாதத்தில் மூடினோம். கடைசி மின்னஞ்சலில் "சந்தை நம்மை ஏற்கவில்லை" என்று இருந்தது. ரொம்ப நாள் நானும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் சுதேசிக் கப்பலை வீழ்த்தியது விலைப்போட்டி மட்டுமில்லை. 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். மில் ஹார்வி நிறுவனத்துடையது. தூத்துக்குடியில் பி.ஐ. கப்பல்களுக்கு ஏஜென்ட்டும் அதே ஹார்விதான். ஆக, கடலில் மோதிய அதே எதிரியைத்தான் வ.உ.சி. கரையிலும் எதிர்த்தார். ஒன்பதே நாளில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது இரண்டு ஆயுள் தண்டனை, சேர்த்தால் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 கடைசியில் வெளியே வந்தார். அதற்கு முன்பே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. ‘காலியா’ பி.ஐ.யிடமே போய்ச் சேர்ந்தது என்பார்கள்.

வங்கிக்கு இந்தச் சோதனை எதுவும் வரவில்லை. ஆத்திரமும் பயமும் சேர்ந்த நேரத்தில் பிறந்தது அது. மக்களுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு பத்திரமான இடம். அதனால் அரசுக்கு உடனடி நஷ்டம் எதுவும் இல்லை. கப்பல் அப்படியில்லை. ஒவ்வொரு பயணமும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் வருமானத்தில் கை வைத்தது. அர்பத்நாட் விழுந்த அதே நெருக்கடியில் பின்னியும் தள்ளாடியது. அதைக் கைதூக்கிவிட்டவர் ஜேம்ஸ் மக்கே, பின்னாளில் இன்ச்கேப் பிரபு. பி.ஐ. கப்பல்களை நிர்வகித்த மக்கின்னன் மக்கென்சி நிறுவனத்தின் முக்கியப் புள்ளி அவர். வெள்ளைக்காரக் கம்பெனி விழுந்தால் தாங்க இப்படிக் கை இருந்தது. சுதேசிக் கம்பெனி விழுந்தால் யார் இருந்தார்கள்? இருபத்தைந்து ரூபாய்ப் பங்குதாரர்கள்தான்.

சரி, அப்ப கிருஷ்ணசாமி ஐயர் வெள்ளைக்காரனுக்கு அடங்கிப்போனவரா? அப்படிச் சுலபமாகவும் எழுதிவிட முடியாது. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் உடைந்தபோது அவர் மிதவாதிகள் பக்கம், வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம். அப்படிப்பட்டவர்தான் பாரதியின் பாடல்களைக் கேட்டு உருகி, தன் செலவில் அச்சடித்து இலவசமாக விநியோகித்தார். 1909-ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். தனக்கொரு இடம் வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அந்த ஆசையும் சுதேசி உணர்வும் சேர்ந்துதான் வங்கி உருவானது. வ.உ.சி.யின் ஆசையும் சின்னதில்லை. தானும் தன் ஊரும் கடலை ஆள வேண்டும் என்ற ஆசை. லட்சியத்திலும் சொந்த ஆசையிலும் இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஆசை யாருடைய பணப்பெட்டியில் போய் மோதியது என்பதில்தான் வித்தியாசம்.

விடுதலையான பிறகு வ.உ.சி.யிடம் வக்கீல் சன்னது இல்லை. மெட்ராஸில் மளிகை, நெய் வியாபாரம் என்று சில வருஷம் கஷ்டப்பட்டார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்கடனாகப் பையனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு அவரை நம் மேடைப் பேச்சுகளுக்குள் அடைக்க முடியாது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, உன் கம்பெனியும் அப்படித்தானா?" என்றார்.

"இல்லப்பா, எங்கள யாரும் ஜெயில்ல போடலயே. பாதி எங்க தப்புதான்."

"மீதிப் பாதி?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா அதற்குள் எழுந்து, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிவிட்டார். பென்ஷன் வந்திருக்கும்.