ஒரு சொல்லின் விலை

விமானிகளுக்கான வானிலை அறிக்கை பெரிதும் எண்களால் ஆனது: காற்றின் திசை, வேகம், பார்வைத் தொலைவு, மேகத்தின் உயரம். ஓடுபாதைக்கும் எண்ணே பெயர். 30 எனில் ஏறத்தாழ 300 பாகைத் திசை. எண்ணில் பொருள்மயக்கம் இல்லை; சொல்லில் உண்டு.

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவிலுள்ள லாஸ் ரோடியோஸ் ஓடுபாதையை மேகம் மூடியிருந்தது. தரை ரேடாரும் இல்லை. கேஎல்எம் விமானத்தின் துணை விமானி 'டேக் ஆஃப்' என்ற சொல்லோடு தம் நிலையை அறிவித்தார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. காத்திருப்பதாகவே கட்டுப்பாட்டாளர் பொருள்கொண்டார். அதே பாதையில் பான் ஆம் விமானம். 583 பேர் மாண்டனர்.

அதன்பின், புறப்பாட்டு அனுமதியை வழங்கும்போதும் விலக்கும்போதும் அன்றி அச்சொல்லை ஆளலாகாது என விதி வகுத்தனர். இருபொருளைச் சிலேடையெனக் கொண்டாடுபவர்கள் நாம். ஒருபொருளே உயிர்காக்கும் இடமும் உண்டு.