குறை சொல்லக் கற்ற இடம்

ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அரசாணையில் தொடங்குவார்கள். நான் எழும்பூரில் ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறேன். 1789இல் அங்கே இருந்த ஆதரவற்ற ஆண் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவது அவர் கண்ணில் பட்டது. தம் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார், வாத்தியார்கள் மசியவில்லை. எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கனைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் நன்றாகவே நடத்தினான். பெல் ஊர் திரும்பி 1797இல் இதைப் புத்தகமாகப் போட, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைக்கு அதில் ஒரு காசு கூட உரிமைத்தொகை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடிக்காரர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். சீகன்பால்க் பாதிரியார் 1716இலேயே அங்கே உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கிவிட்டாரே என்பார்கள். நியாயம்தான். அரசாங்கத்துக்கு அந்த எண்ணம் வந்து, 1856இல் சென்னையில் நார்மல் ஸ்கூல் என்ற பெயரில் ஒரு பயிற்சிப் பள்ளி திறக்க இன்னும் 140 ஆண்டு பிடித்தது. அதுதான் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. வெள்ளிநாக்கு சீனிவாச சாஸ்திரியும் ராதாகிருஷ்ணனும் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சி படித்த இடம்.

அவர்கள் பட்டதாரிகள். நான் 1974இல் சேர்ந்தது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்களுக்கான இரண்டாண்டு செகண்டரி கிரேடு பயிற்சியில். இடம் பழைய தஞ்சை மாவட்டத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி. விடுதியில் தங்கியே ஆக வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பட்டியலில் இல்லாதவர் பார்க்க வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்லண்டு லெட்டரை வார்டன் அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். யாரும் முகம் சுளிக்க மாட்டோம்; வீட்டிலும் அதுதானே நடந்தது.

பயிற்சியின் உயிர்நாடி 'கிரிட்டிசிசம்' வகுப்பு. ஒருத்தி எங்களோடு இணைந்த மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். மற்ற எல்லாரும் பின்னால் நீளமான நோட்டுடன் உட்கார்ந்து அவள் செய்வதையெல்லாம் எழுதுவோம். இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை. காலையிலேயே கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையைத் தேய்த்துக் கறுப்பாக்கி வைத்திருக்க வேண்டும். பாடக்குறிப்பை முந்தின நாளே டீச்சரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்துதல், பயன்படுத்துதல் என்று ஹெர்பார்ட் பெயரில் வந்த ஐந்து படியும் அதில் வரிசை தப்பாமல் வர வேண்டும். அந்த ஜெர்மானியர் எங்கள் தூக்கத்தைக் கெடுத்த அளவுக்கு எந்தக் காதலனும் கெடுத்ததில்லை.

மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளோ பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஆண்டுதோறும் அதே 'தாவரத்தின் பாகங்கள்'. அதே வேரோடு பிடுங்கிய துளசிச் செடி. டிரெய்னிங் டீச்சர் உள்ளே வரும்போதே முதல் பெஞ்சுப் பையன், "டீச்சர், பைக்குள்ள செடி இருக்கு" என்பான். ஆயத்தப் படி அதோடு போச்சு. பிள்ளைகள் அறியாதபடி அவர்களைப் பாடத்துக்கு இழுப்பதுதானே அந்தப் படி!

மணி அடித்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு விசாரணை தொடங்கும். ஒவ்வொருத்தியாக எழுந்து குறை சொல்ல வேண்டும். "மாணவர்க்கு முதுகு காட்டி எழுதினார்." "துணைக்கருவியை முன்கூட்டியே காட்டிவிட்டார்." "விடை சொன்ன மாணவனைப் பாராட்டவில்லை." நடத்தியவள் வாய் திறக்கக் கூடாது, கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். என் முதல் வகுப்பில் அப்படி நின்றபோது கால் நடுங்கியது. அன்று இரவு என் அறையில் இருந்த வேதாரண்யக்காரி என் பாயருகே வந்து, "அழுவாதடி, நாளைக்கு எனக்கும் அதே கதிதான்" என்றாள்.

அங்கேதான் கூட்டணி பிறந்தது. எங்கள் அறையில் அவளும் நானும் மன்னார்குடிக்காரியும் கும்பகோணத்துப் பெண் ஒருத்தியும். நாளை யார் பாடம் நடத்துகிறாளோ, அவளுக்கு யார் எந்தக் குறையைச் சொல்வது என்று இரவே பங்கு பிரித்துக்கொள்வோம். உயிர் போகாத குறைகளாகத் தேர்ந்தெடுப்போம். சாக்பீஸ் கிரீச்சிட்டது, குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை, இப்படி. சில வாரம் நிம்மதியாக ஓடியது. பிறகு உளவியல் டீச்சர், "உங்க ரூம்ல எல்லாருக்கும் ஒரே சாக்பீஸா?" என்று கேட்டார். அதன்பின் எங்கள் நால்வரையும் வேறு வேறு குழுவில் போட்டுவிட்டார்கள்.

ஆனாலும் அந்த வகுப்பைப் போல வேறெதுவும் எங்களைச் சேர்த்து வைக்கவில்லை என்றே சொல்வேன். நல்ல நேரத்தில் கூட இருந்தவர்களை மறந்துபோகலாம். நாற்பது பிள்ளைகள் முன்னால் நாக்குழறி நின்றதைப் பார்த்தவளை மறக்க முடியாது.

நூல் நூற்கும் தக்ளியையும் சொல்ல வேண்டும். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி தலைமையில் நடந்த மாநாட்டில் உருவெடுத்தது ஆதாரக் கல்வி. கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் என்பது அதன் அடிப்படை. 1946இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரான அவினாசிலிங்கம் அதை இங்கே ஊன்றப் பாடுபட்டார். நாங்கள் சேர்ந்த காலத்தில் அந்த வேகம் தணிந்துவிட்டது. நூற்பு மட்டும் கால அட்டவணையில் ஒரு மணி நேரமாகத் தங்கியிருந்தது. தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து பஞ்சுப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தக்ளியைச் சுழற்றிவிடுவோம். கை வேலை செய்யும்; வாய் சும்மா இருக்குமா? யாரைப் பெண் பார்க்க வந்தார்கள், எவள் வீட்டில் படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் நூலோடு நூலாக வெளியே வரும். அந்த நூலில் ஒரு கைக்குட்டை கூட நெய்திருக்க முடியாது. காந்தி நினைத்தது வேறு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேச அனுமதி.

பெண்களுக்கு இந்த ஆசிரியர் படிப்பு சும்மா வந்துவிடவில்லை. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் கட்டடம், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ். பனிக்கட்டி வியாபாரம் போன பிறகு, பிராமண விதவைச் சிறுமிகள் தங்கிப் படிக்கும் விடுதி அங்கே நடந்தது. நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. தாமே சிறுவயதில் விதவையானவர்; 1911இல் பட்டம் பெற்றவர். சில பெண்களோடு வீட்டில் தொடங்கியதை அந்த வட்டச் சுவர்களுக்குள் கொண்டு வந்தார். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பும் அவருக்கே. மூலையில் உட்கார வைத்த பெண்களைச் சம்பளம் வாங்கும் டீச்சர்களாக ஊர் ஊராக அனுப்பிய கை அது. அந்த விடுதி ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டும் என்று இருந்ததை மறைக்கத் தேவையில்லை. மற்ற சாதி விதவைகள் அன்று எங்கே போனார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் விடுதியில் பந்தி ஒன்றுதான். ஒருத்தி மட்டும் முதல் மாதம் தன் தட்டைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். கிராமத்தில் நடந்த குடிமைப் பயிற்சி முகாமில் ஓர் அண்டாச் சோற்றைச் சுற்றி உட்கார்ந்த பிறகு அந்தத் தட்டும் மற்றத் தட்டுகளோடு சேர்ந்துவிட்டது. யாரும் உபதேசம் செய்யவில்லை, பசிதான் செய்தது. ஊருக்குப் போனால் அவள் பழையபடி இருந்திருப்பாள் என்றும் எனக்குத் தெரியும்.

1976 ஜனவரி 31 மாலை, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தியை மெஸ் ஆயாவின் டிரான்சிஸ்டரில் கேட்டோம். எங்களுக்கு அப்போது பெரிய கவலை, வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்பதுதான். அந்தக் கவலை வீண்போகவில்லை. படிப்பு முடிந்து எம்ப்ளாய்மெண்ட் அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தோம்.

வேலை கிடைத்த பிறகுதான் விடுதி நட்பின் பயன் தெரிந்தது. மன்னார்குடிக்காரிக்கு வேதாரண்யம் பக்கம் ஈராசிரியர் பள்ளி, வேதாரண்யக்காரிக்கு மன்னார்குடியில். ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறுவது அன்று குதிரைக் கொம்பு. இருவரும் மனமொத்த மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அதிகாரி மேசையிலிருந்து கோப்பு நகரும் வரை ஒருத்தி வீட்டில் மற்றவள் தங்கிப் பள்ளிக்குப் போனார்கள். பிரசவ விடுப்பில் போனவளின் வகுப்பைப் பார்த்துக்கொண்டது, மாதச் சீட்டில் தனக்கு விழுந்ததை விட்டுக் கொடுத்தது என்று எங்கள் செட்டுக்குள் நடந்ததை எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும்.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்து, பயிற்சியில் சேர பிளஸ் டூ வேண்டும் என்றானது. 1986 கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் வந்தன. பிறகு தெருவுக்குத் தெரு தனியார் நிறுவனங்கள். 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுத, 2,448 பேர்தான் தேறினார்கள். வேலை இல்லாத படிப்புக்கு ஆள் சேராமல் பல நிறுவனங்கள் கதவைச் சாத்திவிட்டன. தகுதித் தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து விடைத்தாளில் வட்டம் கறுப்பாக்குகிறவர், பக்கத்தில் இருப்பவள் பாடம் நடத்துவதைப் பார்த்து எதையும் கற்பதில்லை. பயிற்சியின் பாதி அதில்தான் இருந்தது.

அந்தக் காலத்து ஆசிரியர்களின் வீடுகளில் பாடக்குறிப்பு நோட்டும் கிரிட்டிசிசம் நோட்டும் பரணில் கிடக்கும். ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கு எதை, எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்குக் கையெழுத்தில் இருக்கும் சாட்சி அவை. எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவன நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுங்கள்.